எடை

விடிகாலை நாலு மணிக்கு அபெர்டேரில்
மழையும் நானும்தான் வேலைக்கு வருவோம்.
லாரியின் கை தொட்டியைத் தூக்கும்,
தூக்கும்போதே நிறுக்கும்.
பச்சை எண்களில் விழுவதுதான் பில்.

பெயர்ப்பலகை எனக்குத் தேவையில்லை.
நாற்பத்தொரு கிலோ, மீன் தோல், எண்ணெய் குடித்த மாவு:
பாலத்தடி சிப்ஸ் கடை.
ஒரு கடி மட்டும் கடித்த கேக் துண்டுகள் அறுபது:
ஓட்டலில் நேற்றுக் கல்யாணம்.
முதியோர் இல்லத்தில் எல்லாம் ஒரே நிறம், ஒரே பதம்;
ஒருமுறை அதில் பல்செட் சிரித்தது,
கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ப்ரூனாவின் கடையை மூக்கே சொல்லிவிடும்.
காபிச் சக்கை, கறுப்பாக, ஈரமாக,
உள்ளே இன்னும் கொஞ்சம் சூடு.
சட்டம் வந்த புதிதில் என்னோடு மல்லுக்கு நின்றாள்,
'ஊரார் எச்சிலைப் பிரித்து வைக்க
நான் காசு அழணுமா, டெக்வென்?'
பிறகு அவளே மூடியில் எழுதி ஒட்டினாள்:
கரண்டி போடாதே.
காகிதம் போடாதே.
இட்ரிஸ், உன்னைத்தான்.

ஏப்ரலில் முப்பத்தெட்டு.
பஸ் நிறுத்தத்தை அந்தப் பக்கம் மாற்றினார்கள்,
ஜூனில் இருபத்தாறு.
மூடியிலிருந்து இட்ரிஸின் பெயர் கிழிந்த வாரம்
பதினான்கு.
நவம்பரில் ஆறு.
அந்த ஆறில் பன்னிரண்டு பன்கள், முழுசாக,
தட்டில் இருந்த வரிசை கலையாமல்.
எறிவதையும் அடுக்கி எறிகிறவள்.

அவளுடைய வங்கிக்கு இன்னும் தெரியாது.
எனக்குத் தெரியும்.

மலைக்கு அந்தப்புறம் இருக்கிறது கொப்பரை,
மூன்று மாடி உயரம், இருட்டு வயிறு.
பல்செட் இல்லாமலே எல்லாவற்றையும் மெல்லும்.
மேலே வருவது வாயு, அதில் விளக்கு எரியும்;
கீழே தங்குவது குழம்பு, அது புல்லுக்கு.
சிப்ஸ் எது, கல்யாணம் எது, பன் எது என்று
அது கேட்பதில்லை.

கம்பெனியில் ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்தார்கள்,
ஓரத்தில் பச்சை இலை போட்டது.
'கழிவைக் குறைத்ததில் பள்ளத்தாக்கிலேயே முதலிடம்.
மனமார்ந்த பாராட்டுகள்.'
இரண்டு வாரம் சீட்டுக்கடியில் கிடந்தது.
அப்புறம் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

படித்தாள். மறுபடி படித்தாள்.
மார்க்கர் எங்கே என்று தேடினாள்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
கடை மூடப்பட்டது என்று
வெல்ஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று,
கீழே இத்தாலியனில் பொடி எழுத்தில் என்னவோ;
எனக்குப் படிக்கத் தெரியாது.
கண்ணாடியில் ஒட்டினாள்.
'நல்ல அட்டை,' என்றாள், 'மழைக்குத் தாங்கும்.'

அடுத்த வெள்ளி,
பழக்கத்தில் அங்கேயும் நிறுத்திவிட்டேன்.
கை இறங்கிப் பிடித்துத் தூக்கியது.
எண்கள் கொஞ்சம் நடுங்கி
பூஜ்யத்தில் நின்றன.
பூஜ்யத்துக்கும் தூக்குக்கூலி உண்டு,
ஒப்பந்தத்தில் எட்டாம் வரி.

ரத்து பொத்தான் குளிரில் இறுகியிருந்தது,
இரண்டு தடவை அழுத்த வேண்டி வந்தது.