பாக்கி

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுகளோ தெருவுக்கடியில் குழாயில் ஓடுகின்றன.
வூச் நகரத்தில், டிராம் திரும்புகிற முக்கில்,
மூடிக்கிடந்த மளிகைக்கடையை
நாங்கள் நால்வர் எடுத்து நடத்தினோம்.
விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம்:
கூட்டுக் கலைச் செயல்பாடு, பதினெட்டு மாதம்.
சனங்கள் கேட்டது: ஈஸ்ட் இருக்கா?

இருந்தது.
விலைச்சீட்டுகளை போக்னா தூரிகையால் எழுதினாள்,
ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாத அழகில்.
ரசீதுக்கு ஒரு கோட்டோவியம் என்று விதி.
ஆறு பேர் வரிசையில் நிற்க,
லாரி ஓட்டும் ஸ்வாவோமிர் சொன்னார்:
படத்தை நாளைக்கு வரை,
சில்லறையை இன்னைக்குக் கொடு.

கைக்குப் பழகிற்று பிறகு.
வெண்ணெயை வெட்டினால் இருநூறு கிராம், கண்ணளவில்.
கடன் நோட்டு தானாக வந்தது,
யாரும் திட்டமிடவில்லை.
வெள்ளிக்கிழமை தர்றேன் என்ற ஒரே வாசகம்
எத்தனை குரலில்!

அதைத்தான் கண்காட்சியில் வைத்தோம்.
கண்ணாடிப் பெட்டி, மேலிருந்து ஒரு விளக்கு,
விரித்த பக்கம் நாற்பத்திரண்டு.
வார்சாவிலிருந்து வந்தவர்கள் குனிந்து பார்த்து
படைப்பின் இதயம் இதுதான் என்றார்கள்.
நான்காம் வரி:
யாத்விகா, மூன்றாம் மாடி. ரொட்டி, பீட்ரூட் ஊறுகாய்,
மறுபடி ரொட்டி. முப்பத்தொன்பது ஸ்வாட்டி.

அவள் மகன் வந்திருந்தான் திறப்புவிழாவுக்கு,
இலவச கேக்குக்காக,
வகுப்புப் பையன்களோடு.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே நின்றாள்.
முப்பத்தொன்பதையும் நாணயமாக
மேசையில் எண்ணி வைத்தாள்.
ரசீது தரவா என்றேன்.
எதுக்கு, அதையும் மாட்டிவைக்கவா?

அன்று மாலையே நோட்டை எடுத்துவந்துவிட்டோம்.
வெற்றுப் பெட்டிக்குள் இரண்டு வாரம்
விளக்கு மட்டும் எரிந்தது.
அதையும் நின்று ரசித்தார்களாம்.

மானியம் முடிந்து நாலு மாதம். கடை திறந்திருக்கிறது.
கலை என்று இப்போது யாரும் சொல்வதில்லை, நாங்களும்.
தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம்
சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறாள் யாத்விகா.
திரும்பும்போது எங்கள் வாசல் எதிரேதான்
பையைக் கை மாற்றிக்கொள்கிறாள்,
முகத்தைத் திருப்பாமல்.

நோட்டில் அவள் வரியை அடித்தாயிற்று.
அந்த பீட்ரூட் ஊறுகாயை வேறு யாரும் தொடுவதில்லை.
வாரம் ஒருமுறை தூசி துடைத்து
முன்வரிசையில் வைக்கிறேன்.
ஆறு பாட்டில்.
மார்ச் வரை தாங்கும்.