நாற்பது நிமிடப் போர்

புன்டா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டே வரும்.
அன்றும் அப்படித்தான் அரங்குக்குள் வந்து
கடைசி வரிசையில் எங்களோடு உட்கார்ந்தது.
படம் 'பன்னிரண்டாவது காற்று'.
மூன்று மணி ஏழு நிமிடம்.
எடுத்தவன் ரதோமிர்,
அப்பாவின் ஆட்டுப் பண்ணையை அடகு வைத்து
ஒரு டிராகன் வாங்கியவன்.

நாளேட்டுக்கு நான் தரவேண்டியது
இருநூறு சொல்லும் சில நட்சத்திரங்களும்.
மடிமேல் குறிப்பேடு.
இருட்டில் எழுதிப் பழகிய கை,
வரிமேல் வரி ஏறிக் கிடக்கும்.

கலங்கரை விளக்கக்காரன் ஒருவன்
காற்றைப் புட்டியில் அடைத்து
மூடிமேல் உட்கார்ந்திருக்கிறான்.
இந்த யோசனைக்கே எழுந்து நிற்கலாம்.
மூடி கழன்றபின் என்ன செய்வதென்று
எடுத்தவனுக்கும் தெரியவில்லை, காற்றுக்கும்.
டிராகனின் கால் பனியில் பதியவில்லை.
அத்தனை டன் எடைக்கு
கோழி நடந்த தடம்கூட இல்லை.
தீர்க்கதரிசனத்தை மூன்று முறை சொல்கிறார்கள்,
மூன்றாம் முறை மழையில்.
எங்கே அழ வேண்டுமென்று வயலின்
முழங்கையால் இடித்துக் காட்டுகிறது.
வானத்தை மட்டும் யாரும் வரையவில்லை.
எங்கள் வானம், கூலி வாங்காமல் நடித்தது.

'விரலுக்கேற்ற வீக்கமில்லை' என்று எழுதி
அடித்தேன்.
விரலைப் பார்த்தே வீங்கியிருந்தால்
இந்த ஊரில் யார் படமெடுத்திருப்பார்?

பிறகு அந்தக் காட்சி.
நீரிணையில் மூழ்கியவர்கள்
பனிப்பலகைகளில் மிதந்து திரும்புகிறார்கள்,
பழிவாங்க அல்ல,
சில்லறைக் கடன்களைத் தீர்க்க.
ஒருவன் இரவல் வாங்கிய கெட்டிலோடு வருகிறான்.
கதவைத் திறப்பவள் அவன் மனைவி.
கெட்டிலுக்குச் சொந்தக்காரன் அன்று பக்கத்து வீட்டுக்காரன்,
இன்று இந்த வீட்டுக்காரன்.
இறந்தவன் அதை அடுப்பில் வைக்கிறான்.
தண்ணீர் கொதிக்க மறுக்கிறது.
வசனம் இல்லை. வயலினும் இல்லை.
உயிரோடிருப்பவன் பெஞ்சில்
ஒரு சாண் நகர்ந்து இடம் விடுகிறான்.

என் கையில் பென்சில் இருந்ததே மறந்துபோயிற்று.
முன் வரிசையில் யாரோ
பாப்கார்னைப் பாதி மென்றபடி நிறுத்தினார்.

இந்த ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து
பானை வெந்துவிட்டதெனச் சொல்லலாமா?
பக்கத்திலேயே அரிசியாய்க் கிடக்கிறதே மற்றது.

அடுத்து போர். நாற்பது நிமிடம்.
ஊரே அதில் இருக்கிறது:
நண்டு ஆலைப் பெண்கள், படகுத்துறைக் காவலாளிகள்,
என் பல் மருத்துவர்,
முகத்தில் மாவு பூசிய ஆவிகளின் படை.
யார் யாரை எதற்கு அடிக்கிறார்கள் என்று
திரைக்கே தெரியவில்லை.
ஓர் ஆவி ஈட்டியை உயர்த்துகிறது,
மணிக்கட்டில் கைக்கடிகாரம்.
சிரிப்பு வந்தது. குறித்துக்கொண்டேன்,
ஆச்சரியக்குறியை இரண்டு முறை அழுத்தி.

விளக்கு வந்ததும்
மிலேன்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.
ஏழாம் எண் பேருந்து ஓட்டிய ஒவிடியோவின் மனைவி.
அவன் போனது போன வருஷம் மார்ச்சில்,
படப்பிடிப்பு முடிந்த மறு மாதம்.
கழற்றச் சொன்னார்களாம், என்றாள்,
மாட்டேனென்றானாம்,
வண்டி எடுக்க நேரமாகிவிடுமே என்று.
ஈட்டி தூக்கும்போதுகூட
மணி பார்த்தான், கவனித்தாயா?
இரண்டே நொடி.
அடுத்து எத்தனை மணிக்குப் போடுவார்கள்?

தராசுக்கு இரண்டு தட்டுதான்.
இதை எதில் வைக்க?
காற்றில் சாய்ந்து சாய்ந்து வீடு வந்து
எழுதினேன்: போர் நீளம். பாதி வெட்டலாம்.
அது உண்மை. ரதோமிரின் முகத்தைப் பார்த்தும் சொல்வேன்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.
கைக்கடிகார வரியை அடித்தேன்.

ஆசிரியர் ஃபப்ரிசியானோ ஃபோனில்:
ஸ்டென்கா, எத்தனை நட்சத்திரம்?
மூன்று. கெட்டிலுக்காக இன்னும் அரை.
அரை நட்சத்திரம் நம் அச்சில் இல்லை, என்றார்,
ஒரு வரியும் குறைகிறதே.
காலியாக விடுங்கள், என்றேன்.

விடவில்லை.
காலையில் பார்த்தால்
காட்சி நேரங்களைப் போட்டு நிரப்பியிருந்தார்:
மூன்று, ஆறரை, பத்து.