சிரிக்காத தலை

படப்பிடிப்பு தொடங்கும் நாளில்
பன்றித்தலை வைத்துக் கும்பிடுவோம் சுங்முரோவில்.
சிரிக்கும் தலைக்கு விலை கூட.
மஜாங் சந்தையில் பியோ இன்சுக் கேட்டாள்:
சிரிக்காதது என்ன விலை?

கடைக்காரன் என்னைப் பார்த்தான்.
நான் கணக்கு எழுதுகிறவன், தரையைப் பார்த்தேன்.
எண்ணாயிரம் வோன் மிச்சம்.
அதில் விளக்குப் பையன்களுக்கு இரவுச் சூப்.
தொண்ணூற்று நான்கு, அவளது முதல் படம்,
அறுபது நாள் ஓடியது.
அதற்கப்புறம் எந்தப் படத்துக்கும்
முகம் சுளித்த தலைதான்.

அவள் அம்மா ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து
கிம்ச்சி டப்பாவை என் பேரேட்டின்மேல் வைத்துக் கேட்டாள்:
நடிக்கவில்லை, இயக்கவில்லை, எழுதவுமில்லை,
என் மகள் அப்படி என்னதான் செய்கிறாள்?
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அடுத்த அறையில் அவள் தொலைபேசியில்
ஒரு தீயணைப்பு வண்டியைப்
பாதி வாடகைக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

காங்நுங் கடற்கரைக்கு அந்த வண்டி வந்த இரவு
வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது.
திருப்பி அனுப்பிவிடலாமே என்றேன்.
இயக்குநர் நாம்குங் தலையாட்டினார்:
நிஜ மழை படத்தில் விழாது.
ஆக, மழைக்குள் மழை பெய்யவைத்தோம்.
ஒன்றுக்கு மட்டும் ரசீது வாங்கினேன்.
குடையில்லாமல் நின்று
குழாயின் கோணத்தைத் திருத்திக்கொண்டிருந்தவள்மேல்
இரண்டும் விழுந்தன.

தொண்ணூற்றேழின் குளிரில்
பணம் போட்ட பெரிய கம்பெனி
ஒரே ஒரு ஃபேக்ஸில் கை கழுவியது.
நாட்டின் கடனை அடைக்க ஜனங்கள்
மோதிரம் கழற்றிக் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.
அவளும் நின்றாள்.
முன்னால் ஏழு பேர் இருக்கும்போது
வரிசையிலிருந்து விலகி
எதிர்ச்சாரி அடகுக் கடைக்குள் போனாள்.
லேபில் நெகட்டிவ் காத்திருக்கிறது,
நாட்டுக்கு வேறு யாராவது கொடுப்பார்கள் என்றாள்.
அந்த மோதிரத்தைப் போட்டுவிட்டவன்
எப்போதோ போயிருந்தான்.

மூன்று நாள்.
மூன்றாம் நாள் பகல் காட்சியில்
அவளும் நானும்
தூங்க வந்த ஒரு டாக்சிக்காரரும்.

பின்னால் வந்த வெற்றிகளைப் பற்றி
என்னிடம் அதிகமில்லை.
வெற்றிக்கு வக்கீல்கள் இருந்தார்கள்.
கணக்கு கணினிக்குள் போய்விட்டது.
புசானில் அவள் கையில் கொடுத்த கண்ணாடிப் பரிசு
என் அலமாரியில் ரசீதுக் கட்டு சரியாமல் தாங்குகிறது.

கடைசியாக ஒரு தொடர்.
பூஜையன்று உதவியாளர்கள், எல்லாம் சின்ன வயது,
மேசைமேல் டேப்லெட் நிறுத்திப்
பன்றியின் படம் வைத்தார்கள்.
காசு உறை செருக வாய் இல்லை.
சிரித்தது வேறு.
எட்டாவது நாள் எங்கிருந்தோ
நான்கு வரி மின்னஞ்சல், தொடர் வேண்டாமாம்.
நஷ்ட ஈட்டை விளக்குக்காரர்களுக்குப் பிரித்துவிட்டு
அலுவலகத்தைக் காலி செய்தாள்.

போன மாதம் என் பழைய பேரேட்டைக் கேட்டாள்.
மூன்று நாள் படத்தின் பக்கத்தில்
ஒரே ஒரு வரி அடிபடாமல் கிடந்தது:
குவாக் யோங்தே, தச்சர், இஞ்சியோன்.
மலைவீட்டுக் கதவு ஒன்று. கூலி பாக்கி.

ரயிலில் போனோம்.
வட்டியோடு உறை அவள் மடியில்.
மீன்வலைக் கிடங்குகளுக்குப் பின்னால், ஏற்றத்தில் வீடு.
வாசலில் அதே கதவு.
வராத கூலிக்கு ஈடாக
அப்போதே பெயர்த்து வந்திருக்கிறார் மனுஷன்.
கைப்பிடி, நாம்குங் அடம்பிடித்தபடி, இடப்பக்கம்.
கேமரா பார்த்த பக்கம் மட்டும் வர்ணம்.

தட்டினாள்.
திறந்தவருக்கு முதலில் யாரென்று தெரியவில்லை,
பிறகு தெரிந்தது.
உறையைத் தொடவில்லை.
இத்தனை வருஷம் காற்றை நிறுத்தியிருக்கிறது,
கணக்குப் பார்த்தால்
நான்தான் தர வேண்டும் என்றார் குவாக்.

எவ்வளவு தருவீர்கள்?
மஜாங் சந்தையில் கேட்ட அதே குரல்.
உள்ளே யாரோ நூடுல்ஸ் கொதிக்கவைக்கும் வாசனை.
நான் பேனா மூடியைத் திறந்தேன்.