ஓதம்

முதலில் மொட்டைமாடியைத்தான் சந்தேகப்பட்டேன்.
தார் பூசினோம், ஏழாயிரம் ரூபாய்.
இடவப்பாதி வந்தது.
கட்டிலோரச் சுவரில், முழங்கால் உயரத்தில்,
நூல் பிடித்ததுபோல் மறுபடியும் அதே கோடு.

மேலிருந்து வரும் தண்ணீர் ஒழுகும்,
கோணலாய் இழுத்துக்கொண்டு இறங்கும்.
இது தரையிலிருந்து எழுந்து
வெள்ளையாய்ப் பூத்து நிற்கிறது.
விரலில் ஒற்றி நாக்கில் வைத்தேன். கரித்தது.

எங்கள் பக்கம் இதற்கு ஓதம் என்று பெயர்.
குளச்சலில் கடல் பொங்கினாலும் ஓதம்தான்.
ஆறு மைல் இப்பால், கருங்கல்லில்,
லோன் போட்டுக் கட்டிய வீட்டில்
என் தலையணைக்கு ஒரு முழம் கீழே.

அலமாரிக்குப் பின்னால் வேறொன்று:
மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள்.
கல்யாணச் சேலை மடிப்பில் பூஞ்சை வாடை.

ரசலையன் கொத்தனார் பெயிண்ட் பற்றிப் பேசவேயில்லை.
"சோறு பொதியுத வெள்ளித்தாள் உண்டா?"
இரண்டு துண்டு. ஒன்று கட்டிலருகே,
ஒன்று அலமாரிக்குப் பின்னால்,
நாலு விளிம்பிலும் டேப்.
"வெளிய நனைஞ்சா வீட்டு மூச்சு.
உள்ள நனைஞ்சா சொவரு. கேட்டியளா?"

இரண்டு நாள் கழித்து
அலமாரித் தாள் வெளியே வியர்த்திருந்தது.
அது என் கணக்கு:
ஃபேனுக்கடியில் காயும் பள்ளிச் சீருடைகள்,
ஜன்னலைச் சாத்திவிட்டு வடிக்கும் சோறு.
அலமாரியை ஒரு சாண் இழுத்துப் போட்டேன்.

கட்டிலருகே உரித்தால்
உள்பக்கம் முத்து முத்தாய்.

கொத்தனார் வெளியே போய்
இன்டர்லாக் முற்றத்தில் குந்தினார்.
"மண்ணு வீட்டுத் தரைக்கு மேல நிக்கி.
பின்ன சொவரு குடிக்காம என்ன செய்யும்?"

அந்தக் கல் பிரிஜினின் ஒரு வருட ஓவர்டைம்.
பஹ்ரைனிலிருந்து நிறம் பார்த்துச் சொன்னது,
கார் ஏற வசதியாய் மேடாக்கச் சொன்னது.
வீடியோவில் பிள்ளைகளுக்கு அடுத்து
முற்றத்தைத்தான் காட்டச் சொல்வான்.

மூன்று வாரம் அடுக்களையில் நின்றே பேசினேன்.

பிறகு சுவரோரம் ஒன்றரை அடி பெயர்த்தோம்.
தோண்டத் தோண்ட நத்தைகள்,
சின்னவளின் ஒற்றைச் செருப்பு,
எங்கள் அஸ்திவாரத்தின் முதல் வரி.

அன்றிரவு போனைத் திருப்பிக் காட்டினேன்.
நெட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.
"எத்தன கல்லு?"
"நூத்திப் பன்னெண்டு. ஒடையாம அடுக்கி வச்சிருக்கேன்."
"ம்" என்றான். பிறகு,
"உனக்கு அந்த இருமல் இப்ப எப்பிடி?"

சுவர் காய ஒரு வருடமாகலாமாம்.
அதுவரை பூச்சு கூடாது.
உரித்த செங்கலைப் பார்த்தபடி தூங்குகிறோம்.
புதிதாய் ஒரு வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறேன்.
இன்னும் உரித்துப் பார்க்கவில்லை.