நீர்த்தல்

காலை பத்து மணிக்குத்தான் விடியும் ஜூன் மாதம்.
புந்தா அரேனாஸின் காற்று
ஆய்வகத் தகரக் கூரையை
இரவெல்லாம் பெயர்த்துப் பார்த்துவிட்டு
அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

மூன்றாம் முறையாக வந்தது அந்தப் பெயர்:
ஊபெர்லிந்தா பார்ரியா, நாற்பத்து மூன்று,
நண்டுத் தொழிற்சாலை, ஓடு உடைக்கும் பிரிவு.
வாந்தி. படபடப்பு. இடைவிட்டு ரத்தம்.
பத்து வாரம் என்கிறாள் அவள்.
பதினாறு என்கிறது வயிறு.
இல்லை என்கிறது சோதனைப் பட்டை,
மூன்று முறையும்,
ஒற்றைக் கோட்டில்.

மருத்துவர் குறிப்பு: மாதவிடாய் நிற்கும் வயது.
அதன் அடியில் வேறு மையில்: மன உளைச்சல்?
அந்தக் கேள்விக்குறியைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டையின் வேலை எனக்குத் தெரியும்.
ஹார்மோனுக்கு இரண்டு தோள்.
ஒன்றைப் பிடிக்க, பட்டையில் ஒட்டிக் கிடக்கும் எதிர்ப்பொருள்.
மற்றதைப் பிடிக்க, நிறம் சுமந்து நீந்திவரும் இன்னொன்று.
இருவரும் ஒரே ஆளைப் பிடித்தால்தான் கோடு.

கூட்டம் மிஞ்சிப் போனால்?
ஒட்டிக் கிடப்பவர் கையில் ஒருவர்,
நீந்தி வருபவர் கையில் வேறொருவர்,
எல்லோர் கையும் நிறைந்து
யாரும் யாரோடும் சேராமல்
நிறம் கடந்து போய்விடும்.
அளவுக்கு மீறி இருப்பதும்
பார்வைக்கு இல்லாததுதான்.

ஒரு சொட்டு எடுத்தேன். ஒன்பது சொட்டு உப்புநீர்.
ஒன்றுமில்லை.
அதிலிருந்து ஒரு சொட்டு, மறுபடி ஒன்பது.
முடி நரைத்தது போல ஒரு நிழல்.
"யெர்கா, வீட்டுக்குப் போகவில்லையா?" என்றார்
காவலர் ஸ்லாவ்கோ, மாத்தே உறிஞ்சியபடி.
மூன்றாம் குழாயில், ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்தபோது
முழுசாக எழுந்து நின்றது
இரண்டாம் கோடு.

ஸ்கேனில் பிள்ளை இல்லை.
வெற்று முட்டைக்குள் நுழைந்த ஒரு விந்து
தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு,
தாயின் எழுத்து ஒன்றுகூட இல்லாமல்
நஞ்சு மட்டும் வளர்ந்திருந்தது,
கொப்புளம் கொப்புளமாய்.
முத்துப்பிள்ளை என்று இதற்கொரு பெயர் உண்டு.
வைத்தவர் கையில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்.

போகாதே, இன்னும் சில வாரம் இரு என்று
சூலகத்திடம் கெஞ்சுவதுதான் இந்த ஹார்மோனின் வேலை.
அவள் உடம்பில் அது கத்திக்கொண்டிருந்தது,
காக்க யாருமில்லாத வீட்டில்.
தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று
தைராய்டும் எழுந்து ஓடியிருக்கிறது.
படபடப்பு அதனால்தான்.

அகற்றுமுன் ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
பிறகு வாராவாரம் ரத்தம்.
நாற்பதாயிரம்.
இரண்டாயிரத்து நூறு.
மறுவாரமும் இரண்டாயிரத்து நூறு;
அன்று அவள் முகத்தைப் பார்க்காமலே ஊசி குத்தினேன்.
விரல்களில் நண்டு முள் கீறிய பழைய வடுக்கள்.
"என் தங்கை இரண்டு கோட்டுக்காக
மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்,
பக்கத்திலேயே நான் ஒற்றைக் கோட்டுக்கு.
மாதா குழம்பிவிடப் போகிறாள்" என்றாள்.
முன்னூற்றெட்டு.
பத்தொன்பது.

செப்டம்பர் கடைசியில்
இயந்திரம் சொன்னது: இரண்டுக்கும் கீழே.
காகிதத்தை அவள் மடிக்கவில்லை.
"இது எந்த இல்லை?
முதலில் சொன்னீர்களே, அந்த இல்லையா?
நிஜமான இல்லையா?"

பட்டைக்கு இனி வேலையில்லை.
ஆனாலும் ஒன்றைப் பிரித்தேன்.
நீர்க்காமல்: ஒற்றைக் கோடு.
ஒரு சொட்டு, ஒன்பது சொட்டு உப்புநீர்.
காத்திருந்தோம். ஒரு கையுறையை மட்டும் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டாள்.
ஒற்றைக் கோடு.
நூறுக்கும் நீர்த்தேன். ஒற்றைக் கோடு.

"ஆயிரத்துக்கும் போங்கள்" என்றாள்.

போனேன்.