நாற்பத்தொன்பது புள்ளி ஆறு

ஜனவரி. இரவு இரண்டு பத்து.
பிஷ்கெக்கின் ஹீட்டர்கள் எல்லாம்
ஒரே நேரத்தில் கை நீட்டுகின்றன.
சுவரில் முள் இறங்குகிறது,
ஐம்பதிலிருந்து
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு, ஏழு,
ஆறு.

இதற்குக் கீழே போனால்
நான் ஓர் ஊரை அணைக்க வேண்டும்.
எந்த ஊர் என்பதற்குப் பட்டியல் உண்டு,
மேசைக் கண்ணாடிக்கு அடியில்.
மூன்றாவது பெயர் நான் குடியிருக்கும் ஊர்.
அதை ஒருநாளும் தாண்டிப் போனதில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.
அந்தப் பெருமையைப் போர்த்திக்கொண்டுதான்
தூங்குவதாக
என் வீட்டுக்காரர் சொல்வார்.

அணையில் தண்ணீர் இருக்கிறது.
அதுதான் சிக்கல்.
திறந்துவிட்டால் இன்றிரவு வெளிச்சம்.
டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியேறும் நரின்
எல்லை தாண்டி
யாரும் விதைக்காத வயல்களில் ஏறி உறைந்துபோகும்.
ஜூலையில் கேட்பார்கள்,
எங்கே எங்கள் ஆறு?

ஆகவே ஓர் ஒப்பந்தம்.
குளிரில் நீங்கள் மின்சாரம் கொடுங்கள்,
கோடையில் நாங்கள் தண்ணீர் விடுகிறோம்.
இதற்கு இருபத்தேழு பக்கம் எதற்கென்றால்
"கொடுங்கள்" என்பதற்கு எட்டு,
"விடுகிறோம்" என்பதற்குப் பத்தொன்பது.

மஞ்சள் ஃபோனை எடுக்கிறேன்.
தாஷ்கண்டில் பஹ்ரோம்.
அவர் முன்னாலும் இதே முள்,
இதே ஆறில் நிற்கிறது.
நான் ஏன் அழைக்கிறேன் என்று
மணி அடிக்கும் முன்பே தெரியும்.
பதினோரு வருடமாகப் பேசுகிறோம்.
முகம் தெரியாது. இருமல் தெரியும்.
எண்களை ரஷ்ய மொழியில் சொல்லிக்கொள்வோம்,
ஓர் எண் பிசகினால் ஒரு மாவட்டம் இருண்டுவிடும்.
மற்றதெல்லாம் அவரவர் மொழியில்.
தண்ணீரை நாங்கள் சூ என்போம், அவர்கள் சுவ்.
கடைசியில் பல் உதட்டைத் தொடுகிறதா இல்லையா,
அவ்வளவுதான் எல்லை.

"அறுபது வேண்டும். விடியும்வரை."
"நாற்பது. இங்கேயும் குளிர்தான், சைகல்."
"ஐம்பத்தைந்து."
"இது என்ன, சந்தையா?"
"பின்னே?"
சிரிக்கிறார். சிரிப்பு இருமலில் முடிகிறது.
"ஐம்பது."
"ஐம்பது."

ஒரு வசந்தத்தில் எல்லையை மூடினார்கள்.
தக்காளி லாரிகள் ஐந்து நாள் நின்று அழுகின.
கல்யாணத்துக்கு வந்த கூட்டம் ஒன்று
இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது,
மாப்பிள்ளை வீட்டார்
மூன்றாம் நாளே சாப்பாட்டைக் குறைத்துவிட்டார்கள்.
கம்பியையும் அறுத்துவிடுங்கள் என்று
மேலிருந்து யாரோ சொன்னாராம்.
பொறியாளர் ஒருவர் திருப்பிக் கேட்டாராம்,
"எந்தப் பக்கத்து இருட்டு வேண்டும்?"
அதற்குப் பதில் கடிதம்
இன்னும் வரவில்லை.

வைக்கும் முன் பஹ்ரோம் கேட்கிறார்,
எப்போதும் கேட்பதுதான்.
"அங்கே பனி எப்படி?"
முதல் சில வருடங்கள்
மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.
நமங்கானில் அவர் தம்பிக்கு
நான்கு ஹெக்டேர் பருத்தி.
பனி என்றால் ஜூலை.
பனி என்றால் தம்பி மகளின் கல்லூரிக் கட்டணம்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
காவலாளியின் தடங்களில்
கறுப்பாகத் தரை தெரிந்தது.

"முழங்கால்வரை" என்றேன்.

கம்பியில் ஒரு மௌனம்.
காலையில் நீர்மட்ட அட்டவணை
அவர் மேசைக்கும் வரும், என் மேசைக்கும் வரும்.
அது எனக்குத் தெரியும் என்பது
அவருக்கும் தெரியும்.
"நல்லது" என்றார்.
"சூடாக எதையாவது குடியுங்கள்."

இரண்டு முப்பத்தொன்று.
முள் ஏறுகிறது.
புள்ளி ஏழு. புள்ளி எட்டு.
புள்ளி எட்டிலேயே கொஞ்சநேரம் யோசிக்கிறது,
பிறகு ஏறுகிறது.
பட்டியலில் இன்று யார் பெயரையும் தொடவில்லை.

பதிவேட்டில் எழுதுகிறேன்,
இறக்குமதி, ஐம்பது மெகாவாட்.
கேட்டவர், கொடுத்தவர், நேரம்.
"குறிப்பு" என்ற கடைசிக் கட்டத்தில்
பதினோரு வருடமாக ஒரு கோடு இழுத்து முடிப்பேன்.
இன்று பேனா அங்கே நின்றது.
எழுதினேன்,
பனி, கணுக்கால் வரை.