வழக்குச் சொத்து

நாற்பத்து மூன்று சாக்ஸ்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நட்சத்திர ஆமை.
சென்னைப் பேருந்தின் கடைசி இருக்கைக்கடியில்
கிடந்த பையை அவிழ்த்து
மகஜர் எழுத உட்கார்ந்தபோது
இரவு மணி இரண்டே கால்.
சாட்சிக் கையெழுத்துக்கு
டீக்கடை ஹபீபுல்லா வந்தார்.
"உசுரோடதானேம்மா இருக்கு?"
அதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை.

எண் போடச் சொன்னார் ரேஞ்சர்.
பெயிண்ட் ஆகாது என்றார் கால்நடை மருத்துவர்.
என் நகச்சாயத்தால் எழுதினேன்.
முப்பத்தொன்று வரை வந்தது குப்பி.
அதுவும் ஆகாதாம், சுரண்டினேன்.
பிறகு ஒட்டுக் காகிதம்.
தண்ணீர்த் தட்டில் ஊறி உதிர்ந்த எண்களை
அந்தியில் பொறுக்குவேன்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன்.
பறிமுதலானது அரசின் உடைமை.
உடைமை என்ன தின்னும் என்று
அதற்கு மேல் எழுதவில்லை.
கெடிலக் கரையில் சப்பாத்திக்கள்ளி வெட்டி
முள் தீய்த்துப் போட்டேன்.
ஆட்டோ கூலிக்கு ரசீது இல்லையென்று
வவுச்சர் திரும்பி வந்தது.

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குத்
தக்காளிப் பெட்டிகளில் ஐந்து வாய்தா.
பிடித்தது இவற்றைத்தானா என்றார்
எதிர்த்தரப்பு வக்கீல்.
எல்லாவற்றிலும் நட்சத்திரம்தானே.
பதினேழுக்கு ஓட்டோரம் நசுங்கியிருக்கும், ஐயா,
என் காலடிச் சத்தத்துக்கு
அது தலையை இழுத்துக்கொள்ளாது, என்றேன்.
முதல் பாதியை மட்டும் தட்டச்சு செய்தார்கள்.

ஆறாவதில் உத்தரவு:
பிடித்த காட்டிலேயே விடுக.
எந்தக் காடு?
சாக்ஸில் எழுதியிருக்கவில்லை.
பை சுமந்த டில்லிபாபுவுக்குத் தெரியாது.
அவனிடம் கொடுத்தவனின் செல்
அன்றைக்கு அணைந்தது.
இரண்டு மாநிலத்துக்கும் கடிதம் போட்டோம்.
பதில் வரும்வரை பாதுகாப்பில் வைக்கவும் என்று
பதில் வந்தது.

மழை விட்ட ஒரு காலை
ஜீப் கொட்டகைக்குப் பின்னால்
மண் பெயர்ந்திருந்தது.
உள்ளே எலுமிச்சையளவு ஓடுகள் மூன்று,
ஈரம் காயாமல்,
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து நடந்தபடி.

ஏட்டில் புதுவரி போட்டேன்.
பிடிபட்ட வாகனம்: இல்லை.
எதிரி: இல்லை.
எந்தக் காட்டைச் சேர்ந்தது என்ற கட்டத்தில்
நாற்பத்து மூன்று முறை நின்ற பேனா
இந்த முறை நிற்கவில்லை:
கடலூர், வனச்சரக அலுவலகம்,
கொட்டகை நிழல்.

ரேஞ்சர் படித்தார்.
கையெழுத்துப் போடவில்லை.
அடித்துவிடு என்றும் சொல்லவில்லை.
பேனாவை மூடிவிட்டு,
ஜீப்பை எடுக்கும்முன்
குனிந்து சக்கரத்தடியில் பார்த்தார்.